மஸ்டாங்கின் பின்புறத்தைக் கட்டை வைத்து உயர்த்த முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதியில், அமெரிக்காவில் வாழும் வாசகர் ஒருவர் தமது 1969 ஃபோர்டு மஸ்டாங் காரின் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதாகவும், அன்றாடம் சாலையில் ஓட்டுவதற்கு அதை எப்படி உயர்த்துவது என்றும் கேட்டிருந்தார். பதிலில் மூன்று வழிகள் தரப்பட்டிருந்தன: ஆக்சிலுக்கும் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) கமான் பட்டைக்கும் (எடை தாங்கும் வளைந்த பட்டை ஸ்பிரிங்) நடுவே இரும்புக் கட்டை வைப்பது, நீளமான ஷாக்கிள் (கமானின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் தொங்கு இணைப்பு) மாட்டுவது, காற்று அடிக்கும் ஷாக் அப்சார்பர் போடுவது. இதில் முதல் வழி காரை உயர்த்தாது, இறக்கிவிடும். அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். மற்ற இரண்டு வழிகளும் உயர்த்தத்தான் செய்யும். ஆனால் அவற்றோடு சேர்ந்து வரும் தொல்லைகளைப் பற்றிப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை.

கட்டை விஷயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நம் ஊர் லாரிகளிலும், அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றிலும் பின் கமான் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே நடுவில் கட்டை வைத்தால் கமான் மேலே போகும், வண்டியும் உயரும். மஸ்டாங், கமாரோ, சார்ஜர், சேலஞ்சர், பாரகூடா போன்ற கார்களில் அமைப்பு நேர்மாறானது. கமான் ஆக்சிலுக்கு அடியில் ஓடுகிறது; ஆக்சில்தான் அதன் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே 2 அங்குலக் கட்டை வைத்தால் கமானும், அதோடு சேர்ந்து பாடியும் 2 அங்குலம் கீழே இறங்கும். கடைகளில் இதே கட்டைகளை ‘லோயரிங் பிளாக்’ என்று பெயர் போட்டே விற்கிறார்கள்.

உயர்த்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கார் உண்மையிலேயே தாழ்வாக வடிவமைக்கப்பட்டதா, அல்லது ஐம்பது ஆண்டு எடை சுமந்த கமான் தொய்ந்துவிட்டதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். சமதளமான தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, டிக்கியைக் காலி செய்துவிட்டு அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் கணக்கில் கலந்துவிடும். எனவே சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு. 20 கேலன் டேங்க் நிரம்பினால் 120 பவுண்டு. அது முழுவதும் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குவதால், உயரத்தில் அரை அங்குல வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். டேங்க் காலியாக இருந்தபோது ஒரு அளவு, நிரம்பியிருந்தபோது ஒரு அளவு என்று எடுத்துவிட்டு, புதுக் கமான் தொய்ந்துவிட்டதாகச் சண்டை போடுபவர்கள் உண்டு.

இடது வலது அளவுகளுக்குள் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்) துளையின் குறுக்கே விரிசல் விடுவதுதான் வழக்கம். கிளிப் இறுக்கமாகப் பிடித்திருந்தால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. காரை முன்பு வைத்திருந்தவர் கமானை மாற்றியிருந்தால், அது எந்த வகை என்பதையும் கவனிக்க வேண்டும். மஸ்டாங்குக்கு ‘மிட்-ஐ’ என்ற வகைக் கமான் விற்கிறார்கள். அதில் முன் வளையம் (கமானின் முன்முனையைப் பாடியோடு போல்ட் போட்டு இணைக்கும் இடம்) பட்டையின் மேலே சுருண்டிருக்காமல் நடுவில் இருக்கும். அதனாலேயே கார் சுமார் 1 அங்குலம் இறங்கும். பந்தயத் தோற்றத்துக்காக யாரோ வாங்கிப் போட்டதைத் தொய்வு என்று நினைத்து, மேலே ஷாக்கிளை நீட்டி ஈடுகட்டுவது வீண் வேலை.

எவ்வளவு உயர்த்தலாம்? தொழிற்சாலை உயரத்துக்கு மேல் 1 அங்குலம். அதற்கு மேல் போனால் விலை கூடிக்கொண்டே போகும். நான் சொல்வது பணத்தை மட்டுமல்ல. மஸ்டாங்கின் சக்கர இடைவெளி 108 அங்குலம். பின்பக்கம் 1 அங்குலம் உயர்ந்தால் பாடி முழுவதும் முன்னோக்கி அரை டிகிரி சாய்கிறது. முன் சக்கரத்தின் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அதே அரை டிகிரி குறைகிறது. 2 அங்குலம் என்றால் 1 டிகிரி. ரேடியல் டயரும் பவர் ஸ்டீயரிங்கும் உள்ள காருக்கு 2 முதல் 3 டிகிரி நேர்மறைக் காஸ்டர் இருப்பது நல்லது. அந்தக் காலக் கார்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலை வைத்ததே 1 டிகிரிக்குள்தான். அதிலிருந்தும் 1 டிகிரியைக் கழித்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காது, கார் அலையும். பின்னால் செய்த வேலைக்கும் முன்னால் வரும் இந்த அலைச்சலுக்கும் தொடர்பு இருப்பது தெரியாமல், ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 1967 முதலான மஸ்டாங்கில் கீழ்க்கையை (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கரத்தை) பிடிக்கும் ஸ்ட்ரட் ராடின் நட்டுகளை நகர்த்திக் காஸ்டரை மீட்கலாம். ராடு கீழ்க்கையை முன்னால் இழுத்தால் காஸ்டர் கூடும். எனவே பின்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்; அது கூடுதல் செலவு அல்ல, வேலையின் ஒரு பகுதி.

உயரம் கமானிலிருந்துதான் வர வேண்டும். இதற்கு இரண்டு நல்ல வழிகள்: தொழிற்சாலை வளைவோடு, அல்லது அதைவிட 1 அங்குலம் கூடுதல் வளைவோடு செய்த புதுக் கமான் செட், அல்லது பழைய பட்டைகளைக் கமான் பட்டறையில் கொடுத்து மறுபடி வளைத்து வாங்குவது. சூடேற்றிப் பதப்படுத்தாமல் வெறும் பிரஸ்ஸில் வளைத்த பழைய பட்டை மீண்டும் தொய்யும். புது செட் கிடைக்கும் கார்களுக்குப் பழையதை வளைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கும் வழியும் உண்டு. சேர்க்கும் பட்டை நீளமாக இருந்தால் எடை பரவும். குட்டைப் பட்டை நடுப்பகுதியை மட்டும் விறைப்பாக்கி, தன் முனை தொடும் இடத்தில் மேல் பட்டையை உடைக்கும். எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதுக் கமான் முதல் சில நூறு மைலில் கால் முதல் அரை அங்குலம் வரை உட்காரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாற்றும் முறை கடினமில்லை. துருதான் கடினம். முதல் நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துரு எண்ணெய் விட்டு வையுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, கமானின் முன் வளையத்துக்குச் சற்று முன்னால் ஃபிரேமுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகள் வைக்க வேண்டும். ஆக்சிலை நடுவில் தனி ஜாக்கியில் தாங்குங்கள். ஸ்டாண்ட் ஆக்சிலுக்கு அடியில் இருந்தால் கமான் சுமையோடு இருக்கும். அந்த நிலையில் போல்ட்டைக் கழற்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்தால் ஆக்சில் இடம் மாறாது. ஷாக்கின் கீழ் முனை, யூ போல்ட்டுகள் (ஆக்சிலைக் கமானோடு கட்டும் U வடிவ போல்ட்டுகள்), பின் ஷாக்கிள், கடைசியில் முன் வளைய போல்ட் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். இந்த முன் போல்ட்தான் நேரத்தைத் தின்னும். புஷ்ஷின் (வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உறையின்) உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, முழு ரப்பரோடு சேர்ந்து சுழலும், வெளியே வராது. இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தெடுத்துப் புது போல்ட் போடுவதே வழி. கேஸ் டார்ச்சால் சூடேற்ற வேண்டாம். 1970 வரையிலான மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின் ஷாக்கிள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பழைய யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை இறுக்கி நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது. புதுக் கமானின் சென்டர் போல்ட் தலை ஆக்சில் திண்டின் (ஆக்சிலில் கமான் அமரும் தட்டின்) துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். உட்காரவில்லை என்றால் ஆக்சில் கோணலாக நிற்கும், கார் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். முன் வளைய போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் இப்போது விரல் இறுக்கத்தில் மட்டும் விட வேண்டும். காரைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் ஷாப் மானுவல் (தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு) சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு காரைப் பொய்யாக உயர்த்திப் பிடிக்கும். சில வாரங்களில் ரப்பர் கிழிந்து உயரமும் போய்விடும். பலர் புதுக் கமானைக் குறை சொல்வதற்கு இதுவே காரணம்.

தரையில் நிற்கும்போது ஷாக்கிளைப் பாருங்கள். அதன் கீழ்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராகவோ முன்னோக்கியோ நின்றால் வளைவு அதிகமாகிவிட்டது என்று பொருள். வளைவு கூடும்போது இரு வளையங்களுக்கும் இடையிலான தூரம் குறைந்து ஷாக்கிளை முன்னால் இழுக்கிறது. அப்போது ஓட்டம் கல்லாகும்; சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக்கிள் ஃபிரேமில் இடிக்கும்.

இனி பினியன் கோணம். பினியன் என்பது ஷாஃப்ட்டின் சுழற்சியை ஆக்சிலுக்குள் கொண்டுபோகும் பல்சக்கரம்; அதன் முன்முனையைத்தான் மூக்கு என்கிறேன். பதிலில் இது பற்றி ஒன்றுமே இல்லாதது எனக்கு வியப்பு. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யூ ஜாயிண்ட் கிராஸ் (கோணத்திலும் சுழலவிடும் மூட்டு) இருக்கிறது. கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் ஓடும்போது ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது அழித்துவிடும். இணை தவறினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். 26 அங்குல டயர், 3.25 கிரவுன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.25 சுற்று) உள்ள காரில் 60 மைல் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழல்கிறது. அதிர்வு நிமிடத்துக்கு 5,000. அது இருக்கைக்கு அடியில் ரீங்காரமாகக் கேட்கும். கியர்பாக்ஸின் பின் புஷ்ஷும் எண்ணெய் சீலும் இதனால் சீக்கிரம் தேயும்.

கமான் உள்ள கார்களில் இன்னொரு சிக்கல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆக்சில் எதிர்த்திசையில் திருகி, பினியனின் மூக்கு மேலே எழும். கமான் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும். ஆகவே நிற்கும்போது பினியன் மூக்கை இணை நிலையைவிட 2 டிகிரி, மிஞ்சினால் 3 டிகிரி தாழ்த்தி வைக்க வேண்டும். கணக்கு இப்படி: கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி இறங்குகிறது என்றால், பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருப்பதுதான் இணை நிலை. அதிலிருந்து 2 டிகிரி தாழ்த்தினால், 1 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். காந்த அடியுள்ள கோணமானி ஒன்று போதும். கார் சக்கரத்தில் நிற்க வேண்டும். எப்போதும் அளக்கும் அளவு பெட்ரோலோடு, ஆள் ஏறாமல் அளக்க வேண்டும். கிராஸ் ஒவ்வொன்றும் வேலை செய்யும் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. அரை டிகிரியாவது இருந்தால்தான் ஊசி பேரிங்குகள் உருளும். இல்லையென்றால் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

கோணம் தவறினால் கமானுக்கும் ஆக்சில் திண்டுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். 2 டிகிரி, 4 டிகிரி அளவுகளில் கிடைக்கிறது. இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் யூ போல்ட் இறுக்கத்தில் நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். இந்தக் கார்களில் ஆக்சில் மேலே இருப்பதால், தடித்த பக்கம் பின்னால் போனால் பினியன் மூக்கு இறங்கும். தடித்த பக்கம் முன்னால் போனால் ஏறும். லாரியில் இது தலைகீழ். நம் பட்டறைக்காரர்கள் பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிடக் கூடும்.

இதை வைத்துப் பார்த்தால் நீளமான ஷாக்கிளின் குறை விளங்கும். ஷாக்கிள் 2 அங்குலம் நீண்டால் கார் 2 அங்குலம் உயராது. ஆக்சில் கமானின் நடுவுக்குச் சற்று முன்னால் அமர்ந்திருப்பதால், 1 அங்குலம்கூட முழுதாகக் கிடைக்காது. ஆனால் கமானின் பின்முனை 2 அங்குலமும் இறங்கிவிடுவதால், முழுக் கமானும் திரும்பி, பினியன் மூக்கு ஏறத்தாழ 2 டிகிரி மேலே போகும். தாழ்த்தி வைத்திருந்த 2 டிகிரியும் அதிலேயே கரைந்துவிடும். கூடவே, நீண்ட ஷாக்கிள் பக்கவாட்டில் வளையும். திருப்பத்தில் பாடி ஒரு பக்கமும் ஆக்சில் ஒரு பக்கமுமாக நகர்வது ஸ்டீயரிங்கிலேயே தெரியும். எழுபதுகளில் அமெரிக்கத் தெருக்களில் இந்த ஷாக்கிள் வெகு மலிவாகக் கிடைத்தது, பின்புறத்தைத் தூக்கி நிறுத்துவது பெரிய மோகமாகவும் இருந்தது. மோகத்தை நான் குறை சொல்லவில்லை. படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும்.

காற்று ஷாக்குகளின் கணக்கு வேறு. கமான் ஒரு அங்குலம் அமுங்க 120 பவுண்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து 1 அங்குலம் தூக்கினால், கமான் இறக்கி வைத்த 120 பவுண்டையும் ஷாக் தன் தலையில் சுமக்கிறது. 3 அங்குலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 360 பவுண்டு, அதுவும் நிற்கும்போது. குழியில் விழும்போது இன்னும் கூடும். மஸ்டாங்கில் ஷாக்கின் மேல்முனை பிடித்திருப்பது டிக்கிப் பக்கத் தரைத் தகட்டில். ஆட்டத்தை அடக்குவதற்காக வைத்த இடம் அது, எடை தாங்க அல்ல. முதலில் துளையைச் சுற்றி வண்ணம் வெடிக்கும், பிறகு தகடு கிழியும். டிக்கியில் சுமை ஏற்றும் நாளில் மட்டும் காற்று கூட்டிக்கொள்வதானால் இவற்றைப் போடலாம். அப்போதும் இரண்டு ஷாக்குக்கும் தனித்தனிக் குழாய் இழுங்கள். டீ இணைப்பில் ஒரே குழாயாகப் போட்டால், திருப்பத்தில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, கார் இன்னும் சாயும். காற்று முழுவதும் இறங்கிய நிலையில் ஓட்டினால் உள்ளே ரப்பர் உறை மடிந்து தேயும். பெரும்பாலான தயாரிப்புகள் குறைந்தது 20 பிஎஸ்ஐ வைக்கச் சொல்வது அதனால்தான்.

அகல டயர் உரசுகிறது என்பதற்காக உயர்த்த நினைப்பவர்களுக்கு: அது தீராது. நிற்கும் உயரம் எதுவானாலும் பெரிய பள்ளத்தில் ஆக்சில் மேலே போய் ரப்பர் தடுப்பில் முட்டும் இடம் ஒன்றுதான். அங்கே டயர் விளிம்பில் இடித்தால், உயர்த்திய காரிலும் இடிக்கும். இடிக்கும் தடவைகள் மட்டும் குறையும். கமானைக் கழற்றியிருக்கும்போதே சக்கரத்தை மாட்டி, ஆக்சிலை ஜாக்கியால் தடுப்பு வரை ஏற்றி இடைவெளியைப் பார்த்துவிடுங்கள். போதவில்லை என்றால் உள்பக்கம் அதிகம் போகும் ரிம் வாங்குவதோ, ஃபெண்டர் விளிம்பை மடிப்பதோதான் வழி.

உயர்த்திய பிறகு ஆக்சிலைத் தொங்கவிட்டுச் சில இடங்களைப் பார்க்க வேண்டும். பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஒற்றைப் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளும் அப்படியே. சைலன்சர் குழாய் ஆக்சிலைத் தொடக் கூடாது. ஷாஃப்ட்டின் வழுக்கு முனை கியர்பாக்ஸுக்குள் போதுமான அளவு இருக்க வேண்டும். ஷாக் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளமா என்று பாருங்கள். குட்டையானது என்றால் ஆக்சில் தொங்கும் ஒவ்வொரு முறையும் அதுவே சங்கிலி போல இழுத்துப் பிடித்து உடையும். திருப்பங்களிலும் ஒரு மாற்றம் தெரியும். கமானின் முன் வளையம் ஆக்சிலைவிட உயரும்போது, திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் பின்னோக்கியும் உள்பக்கச் சக்கரம் முன்னோக்கியும் நகர்ந்து, ஆக்சிலே காரின் பின்புறத்தை வெளியே தள்ளும். 1 அங்குலத்தில் இது அரிதாகவே தெரியும். 3 அங்குலத்தில், ஈரச் சாலையில், நன்றாகத் தெரியும்.

சார்ஜர், சேலஞ்சர், பாரகூடா போன்ற கிரைஸ்லர் கார்களில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). அங்கே முன் உயரத்தைத் திருகு ஒன்றிலேயே மாற்றலாம். பின்புறம் தாழ்ந்ததாகத் தெரியும் பல சார்ஜர்களில் உண்மையில் முன்புறம்தான் ஏறியிருக்கிறது. அதை மானுவல் அளவுக்கு இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பந்தயத்துக்குச் செய்த ‘சூப்பர் ஸ்டாக்’ கமான்களைத் தெருக் காருக்கு வாங்குபவர்கள், இடதும் வலதும் வேறு வேறு பட்டை எண்ணிக்கை கொண்டவை என்பதை அறிந்து வாங்குங்கள்; கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது பழுதல்ல. இந்தக் கார்களில் பினியன் மேல் உள்ள ரப்பர் முட்டு, ஆக்சில் திருகுவதைத் தடுக்கும். காரை உயர்த்தினால் அதற்கும் தரைத் தகட்டுக்கும் இடைவெளி கூடிவிடும். உயரமான முட்டு வாங்கி ஈடுசெய்ய வேண்டும்.

செவெல், ஜிடிஓ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பின்னால் சுருள் ஸ்பிரிங். அங்கே உயரமான ஸ்பிரிங் வாங்குவதே நேர்வழி. சுருள்களுக்கு நடுவே திருகிச் செருகும் ரப்பர் கட்டை அந்த இடத்துச் சுருளை வேலை செய்யவிடாமல் முடக்கும், ஸ்பிரிங் உடையும். மேல்கைகளின் (ஆக்சிலை மேல்பக்கத்தில் பிடிக்கும் கரங்களின்) நீளம் மாறாததால் உயரத்தோடு பினியன் கோணமும் மாறும். நீளம் மாற்றக்கூடிய மேல்கை போட்டால் அதைத் திருத்திக்கொள்ளலாம். தெருவில் ஓட்ட இணை நிலையிலிருந்து 1 முதல் 2 டிகிரி தாழ்வு போதும்.

வேலை முடிந்து 100 மைல் ஓட்டியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் திரும்பும். கமான் உட்கார்ந்த பிறகே அலைன்மெண்ட்டுக்குக் கொண்டுபோங்கள், முதல் நாளே போனால் இரண்டு முறை காசு கொடுக்க நேரும். அங்கிருந்து வந்ததும் ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள். பின்புறம் 1 அங்குலம் உயர்ந்தால், 25 அடி தூரச் சுவரில் ஒளி ஏறத்தாழ 2¾ அங்குலம் கீழே விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
பழைய அமெரிக்கக் கார்களைப் பழுதுபார்க்கும் வாசகர்,
மிச்சிகன்